3.75 லட்சத்துக்கு ஒரு மேனுவல் சூப்பர்ப்: காலடிப்பேட்டைத் தம்பிக்கு என் பதில்

கேள்வி சுருக்கமாக இது. காலடிப்பேட்டையில் வீடு, மணலியில் வேலை, வயது 27. சேர்த்து வைத்தது 4 லட்சம். சொகுசும் வேகமும் உள்ள, கியர் போட்டு ஓட்டுகிற செடான் ஒன்று வேண்டும். மாதவரம் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2011 மாடல் ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல் நிற்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியது, பாண்டிச்சேரி நம்பர், 3.75 லட்சம் சொல்கிறார்கள். "வாங்கலாமா அண்ணா? வீட்ல எல்லாரும் பைத்தியமா உனக்குன்னு கேக்குறாங்க."

தம்பி, அந்த வண்டியை அந்த விலைக்கு எடுக்காதீர்கள். ஆனால் ஆசையை விட்டுவிட வேண்டாம். நீங்கள் கேட்கிற மாதிரி வண்டி கிடைக்கும், நம் தெருவில் வைத்து ஓட்டவும் முடியும். கையில் இருக்கும் 4 லட்சத்தையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டால்தான் முடியாது. வண்டிக்கு 2.75 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். 1.25 லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும். அந்த 1.25 லட்சமும் வண்டியின் விலைதான். முதல் வருடத்துக்குள் வண்டி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இது நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. திருவொற்றியூரில் 20 வருடத்துக்கு மேல் கார் ஷெட் வைத்திருக்கிறேன். 2014-இல் இருந்த சேமிப்பு மொத்தத்தையும் போட்டு ஒரு பெரிய டீசல் செடான் வாங்கினேன். மூன்றாவது மாதம், பேசின் பிரிட்ஜ் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் போயிருந்தது, கழற்றிப் பார்த்தால் ஃப்ளைவீலும் போயிருந்தது. என் ஷெட், என் கை, கூலி கிடையாது. பார்ட்ஸ் வாங்கத்தான் காசு இல்லை. ஐந்து வாரம் மூலையில் தார்ப்பாய் போட்டு நின்றது. நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கியது, கடல் காற்றில் பிரேக் டிஸ்க் துருவேறியது, பின்சக்கர காலிப்பர் இறுகிக்கொண்டது. ஒரு செலவு மூன்று செலவானது. கையில் முப்பதாயிரம் ஒதுக்கி வைத்திருந்தால் நான்கு நாளில் ரோட்டுக்கு வந்திருக்கும்.

வீட்டில் சொல்வதற்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, ராத்திரி எந்நேரமும் கிளம்ப என்று வீட்டுக்கு ஒரே வண்டி இதுதான் என்றால், அவர்கள் சொல்வது சரி. சின்ன வண்டி எடுங்கள். வேலைக்குப் போக பைக் இருக்கிறது, ஊருக்குள் போக 2021 பிப்ரவரியிலிருந்து காலடிப்பேட்டையிலேயே மெட்ரோ இருக்கிறது, கார் பத்து நாள் ஷெட்டில் நின்றாலும் வீடு ஓடும் என்றால் மேலே படியுங்கள்.

மேனுவல்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு முழு சம்மதம். ஓட்டும் சுகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய சொகுசு வண்டியைக் குறைந்த காசில் வைத்துக்கொள்ள முடிகிறதென்றால் அதற்குப் பாதிக் காரணம் மேனுவல் கியர்பாக்ஸ். இதே 2011 சூப்பர்ப் 1.8-இல் ஆட்டோமேட்டிக் எடுத்தால் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி. அதில் இரண்டு உலர் கிளட்ச், அவற்றை இயக்க மெக்கட்ரானிக் என்று ஒரு யூனிட். நம் வெயிலிலும் நெரிசலிலும் அந்த யூனிட் அடிவாங்கினால் பில் லட்சத்தைத் தாண்டும். இந்த கியர்பாக்ஸுக்கு வலுவிலும் ஒரு வரம்பு உண்டு. 2016-இல் வந்த அடுத்த தலைமுறை சூப்பர்பைப் பாருங்கள். அதே 1.8 இன்ஜின், அதே 180 குதிரைத்திறன். மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) கொடுத்தார்கள், ஆட்டோமேட்டிக்கில் 250-இல் நிறுத்திவிட்டார்கள். மேனுவலில் போகக்கூடியது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல். எல்லாம் கண்ணால் பார்த்து, கையால் மாற்றக்கூடியவை. ஃப்ளைவீலையும் சேர்த்தால் அரை லட்சத்தைத் தாண்டும், அது சின்னக் காசு இல்லை. ஆனாலும் நம் பகுதியிலேயே செய்துவிடலாம், வண்டி மறுபடி புதுசு மாதிரி இழுக்கும்.

ஜெர்மன் வண்டிதான் என்றால் மேனுவல் பிஎம்டபிள்யூ தேடி அலையாதீர்கள். 2007-இல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா சிட்டியில் அவர்கள் ஆலை திறந்ததிலிருந்து இங்கே விற்ற 3 சீரீஸ் எல்லாம் அநேகமாக ஆட்டோமேட்டிக்தான். மேனுவல் பென்ஸ் வேண்டுமானால் 1995-இலிருந்து புனேயில் பூட்டிய டபிள்யூ124 இ-கிளாஸ் உண்டு. அருமையான வண்டி. கதவு சாத்தும் சத்தத்துக்கே வாங்கலாம். ஆனால் அதற்கு இப்போது 30 வயது, அது வேறு வகை உறவு. உங்கள் பட்ஜெட்டில் உண்மையில் அகப்படுவது ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ஹோண்டா அக்கார்டு. அக்கார்டு 2.4 மேனுவலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2008-இல் வந்த மாடலில் டர்போ கிடையாது, 180 குதிரைத்திறன், ஐந்து கியர். வளைவில் திருப்பும்போது சூப்பர்ப் அளவுக்கு விறைப்பாக நிற்காது, பெட்ரோலும் குடிக்கும். ஆனால் ஆயில் மாற்றிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் தொந்தரவு தராது. வேகம்தான் முதல் ஆசை என்றால் 2011-இல் வந்த லாரா விஆர்எஸ் தேடுங்கள். 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், சூப்பர்பில் இருக்கும் அதே 1.8 இன்ஜின், உடம்பு சின்னது. கையில் வைத்திருப்பவர்கள் லேசில் விற்பதில்லை, அதனால் பொறுமை வேண்டும். அதற்கும் முந்தைய ஆக்டேவியா விஆர்எஸ்ஸும் நல்ல வண்டிதான். ஆனால் அதில் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அந்த ஆர்சி விஷயத்தில்தான் உங்கள் மாதவரம் வண்டி எனக்குப் பிடிக்கவில்லை. சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருடம். 2011 ஜூலையில் பதிவான வண்டிக்கு 2026 ஜூலையோடு முடிகிறது. அதன் பிறகு வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி, எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு நிற்கிற நிலையில் வண்டி இருக்க வேண்டும். புதுப்பிப்பு நெருங்குகிறது என்பதற்காகவே கைகழுவி விடுகிறவர்கள் உண்டு.

இதற்கு மேல் பாண்டிச்சேரி நம்பர். அங்கே சாலை வரி குறைவு என்பதற்காக ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் பலர் விலை உயர்ந்த வண்டிகளை அங்கே பதிவு செய்தார்கள். ரோட்டில் பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பாண்டிச்சேரி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், பிறகு வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிட்ட ஆயுள் வரியை இங்கே கட்ட வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் கேக்கமாட்டாங்க சார், அப்படியே ஓட்டுங்க" என்று கன்சல்டிங்கில் சொல்வார்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்கும்போது மடக்கினால் பதில் சொல்வது நீங்கள். அதனால் ஒன்று, என்ஓசி, வரி, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் விற்பவரே முடித்துத் தமிழ்நாட்டு நம்பரோடு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் டிஎன் 03, 04, 05, 18 என்று நம் பக்கத்து நம்பர் வண்டியாகவே தேடுங்கள். ஓனர் வீடு பக்கத்தில் இருக்கும், அவர் வண்டி விட்ட மெக்கானிக்கையும் தேடிப் பிடிக்கலாம்.

இனி வண்டியைப் பார்க்கும் முறை. இதில் நான் நிறையச் சொல்வேன், பொறுமையாகப் படியுங்கள்.

காலை ஆறு மணிக்குப் போங்கள். "பத்து மணிக்கு வாங்க சார், வண்டியை எடுத்து ரெடியா வெக்கிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த 1.8 டிஎஸ்ஐ இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆரம்ப வருடங்களில் வந்த இன்ஜின்களில் பலவீனம், பிறகு மாற்றிய வடிவம் வந்தது. டென்ஷனர் விட்டுவிட்டால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜினே போய்விடும். அதன் முதல் அறிகுறி ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில்தான் கேட்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று வினாடிக்கு, தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உலுக்கினது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சூடான இன்ஜினில் அது கேட்கவே கேட்காது.

ஒரு மார்கழிக் காலையில் எருக்கஞ்சேரியில் ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தேன். தெருவில் நின்ற எல்லா வண்டியின் மேலும் பனி முத்து முத்தாக நின்றது. நாங்கள் பார்க்கப்போன வண்டியின் கூரையிலும் டிக்கியிலும்கூட இருந்தது. பானெட் மட்டும் காய்ந்திருந்தது. கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. விற்பவர் "இப்பதான் சார் வீட்லேர்ந்து வரேன், ஸ்டார்ட்டே பண்ணல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்ஜினில் கோளாறு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அவர் அடைத்துவிட்டார், அது போதும்.

காதால் கேட்டது போதாது. நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப்போங்கள். கேம்ஷாஃப்ட் நிலை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதில் பார்க்கலாம், செயின் நீண்டிருந்தால் எண்ணில் தெரியும். டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன மூடி உண்டு, அதைத் திறந்து விளக்கடித்தால் உள்ளே பழைய டென்ஷனரா புதியதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். செயின், டென்ஷனர் மாற்றியதற்குப் பில் இருக்கும் வண்டிக்கு 40,000 ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கலாம். பில் இல்லை என்றால் அந்த வேலை உங்கள் தலையில் என்று எண்ணிக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்து ஆயில். இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆகலாம் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதனால் "ஆயில் குறையுமா?" என்று கேட்காதீர்கள். "சர்வீஸுக்கு நடுவில் எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நேர்மையான ஓனர் உடனே ஒரு எண் சொல்வார், டிக்கியிலிருந்து பாதி காலியான டப்பாவையும் எடுத்துக் காட்டுவார். "ஒரு சொட்டும் ஊத்தினதில்ல" என்பவர் டிப்ஸ்டிக்கையே பார்க்காதவராக இருக்கலாம். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

ரேடியேட்டர் தண்ணீர் நம் பகுதிக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இந்த வண்டிக்கு ஊற்றவேண்டியது இளஞ்சிவப்பு நிற கூலன்ட். மூடியைத் திறந்தால் (இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்) அந்த நிறம் தெரிய வேண்டும். செம்பழுப்பாகவோ வெறும் தண்ணீராகவோ இருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். நம் போர் தண்ணீரில் குளித்தாலே தலைமுடி முரடாகிறது. அதே தண்ணீர் இன்ஜினுக்குள் வருடக்கணக்கில் சுற்றினால் தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹீட்டர் கோர் எல்லாம் பொரிந்து நிற்கும். இந்த இன்ஜினில் தண்ணீர் பம்ப்பின் கூடு பிளாஸ்டிக், அதுவே கசியக்கூடியது. பம்ப்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்பு மாதிரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பது வடசென்னையில் வண்டி வாங்குகிற எவருக்கும் பெரிய பயமாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நாம் தெருவில் நின்று பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதிக்கொடுத்த வண்டிகள் ஏலத்தில் போய், கழுவி, சீட் துணி மாற்றி மறுபடி சந்தைக்கு வருகின்றன. 2023-இல் நம் பக்கம் தண்ணீர் மட்டும் வரவில்லை, எண்ணெயும் சேர்ந்து வந்தது. எர்ணாவூரில் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு விழுந்ததை மறக்க முடியாது. அதற்கு அடுத்த வருடம் ஒரு நண்பருக்காக ஒரு செடான் பார்த்தேன். உள்ளே புது மேட், புது சீட் கவர், வாசனை பாட்டில். நான் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சாதாரணமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. கடைசி முக்கால் அடியில் பெல்ட் மொரமொரவென்று இருந்தது, குறுக்கே விரல் அகலத்துக்குப் பிசுக்கான ஒரு கறுப்புப் பட்டை. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். நான்கு பெல்ட்டையும் முழுதாக இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து அடியில் இருக்கும் குழியைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருப்பது, ஹெட்லைட் உள்ளே தண்ணீர்க்கோடு, எது இருந்தாலும் விலை பேசவே வேண்டாம். இந்த வகை வண்டிகளில் ஒயரிங் முழுக்க தரையோடு ஓடுகிறது. ஒருமுறை நனைந்த ஒயர் ஒரு வருடம் கழித்து ஏர்பேக் விளக்காக, கதவு லாக்காக, ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதாக ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எந்த மெக்கானிக்காலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. நானும் முயன்றிருக்கிறேன்.

மூழ்காத வண்டியாக இருந்தாலும் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூர் கடற்கரைப் பக்கத்திலும் நின்ற வண்டிகளில் சப்ஃபிரேம், பிரேக் பைப், சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் துரு முந்திக்கொள்ளும். லிஃப்டுக்கு 300, 400 ரூபாய் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மாதவரத்திலிருந்து ஜிஎன்டி ரோட்டில் செங்குன்றம் தாண்டிப் போய் வெளிவட்டச் சாலையில் ஏறுங்கள். வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், நம் பக்கம் அகலமாக, நெரிசல் குறைவாக இருக்கும். பக்கத்தில்தான் சோழவரம். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த ஊர். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருவதற்கு முன்னால் இந்தியாவின் ரேஸ் என்றாலே சோழவரம்தான். என் அப்பா லேலண்டில் வேலை பார்த்தவர், சைக்கிளிலேயே போய் பார்த்துவிட்டு வந்து அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். இன்ஜின் தயாரிக்கிறது, புல்லட் தயாரிக்கிறது, டயர் தயாரிக்கிறது என்று வாழ்ந்த ஊர் இது. நல்ல வண்டி ஓட்ட வேண்டும் என்ற உங்கள் ஆசை எங்கிருந்தோ வந்ததில்லை. அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரோடு காலியாக இருக்கும்போது நான்காவது கியரில் 50-இல் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளி மேலே போனால் கிளட்ச் நழுவுகிறது. 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே இந்த இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் டார்க் தரும், அதனால் பழைய கிளட்ச் இந்தச் சோதனையில் ஒளிந்துகொள்ள முடியாது. பிறகு ஓரமாக நிறுத்தி, ஐடிலில் கிளட்ச்சை மெதுவாக மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது கிறீச் என்று வந்தால் ரிலீஸ் பேரிங். ஐடிலில் கடகடவென்று இருந்து மிதித்தால் அடங்கினால், அல்லது இன்ஜினை நிறுத்தும்போது ஒரு உதறலோடு "டங்" என்று முட்டினால் ஃப்ளைவீல். இந்த வண்டிகளில் ஃப்ளைவீல் ஒரே இரும்புத் தட்டு இல்லை, இரண்டு தட்டு, நடுவில் ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் தட்டுகள் ஆடும். இரண்டாவது கியருக்கு வேகமாகத் தள்ளிப் பாருங்கள், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியும் பாருங்கள். கரகரத்தால் கியர் வழுக்கென்று விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பரையும் குனிந்து பாருங்கள். மீட்டரில் 92,000, ரப்பரோ வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிகிறதென்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் விட்டார்கள் என்ற பில்லோடு ஒப்பிட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

திரும்பி வரும்போது மோசமான ரோடாகப் பார்த்து ஓட்டுங்கள், கன்டெய்னர் லாரி ஓடி நாசமான ரோடு நமக்குத் தேட வேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முன்னால் "டொக் டொக்" என்றால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், அது பெரிய செலவில்லை. ஸ்டீயரிங்கில் கை அதிர முட்டினால் ஸ்டீயரிங் ரேக், அது பெரிய செலவு.

பேப்பர் விஷயத்தில் மூன்றே மூன்று. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நேரில் பாருங்கள். கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30-ஐ வைத்துக்கொண்டு நாலு கை மாறிய வண்டியை எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டு கடன், இன்சூரன்ஸ், அபராதச் சலான் பாக்கி எல்லாம் பார்த்துவிடுங்கள். பேங்க் கடன் ஆர்சியில் இருந்தால் அதை நீக்கின பிறகே பணம். பணத்தை பேங்க் மூலமாகக் கொடுங்கள், டோக்கன் அட்வான்ஸ்கூட.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1.25 லட்சத்தில் முதல் வாரமே 25,000 போகும், போகட்டும். ஃபோக்ஸ்வேகனின் 502 00 தர ஆயில், ஃபில்டர்கள், பிளக், கூலன்ட் முழுவதும், பிரேக் ஆயில், அதிலேயே கிளட்ச் லைன் காற்று எடுப்பது. விற்றவர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள், அன்றையிலிருந்து கணக்கு உங்களுடையது. கம்பெனி சொல்லும் 15,000-க்குக் காத்திருக்காமல் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். செயினுக்கும் டர்போவுக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அதனால் பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை முழுதாகப் பார்த்து, விறைத்ததும் வெடித்ததும் இருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வுகளில் கரி சேரும், ஐடிலில் குலுங்க ஆரம்பித்தால் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு நிற்கிற டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஹாஃப் கிளட்ச்சில் தொங்காதீர்கள். இடைவெளி விட்டு நில்லுங்கள், முதல் கியரில் போட்டுக் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் தொடாமலே இந்த வண்டி நடை வேகத்தில் போகும். மழையில் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் முன்னால் போகிற ஆட்டோவைப் பார்த்து இறங்காதீர்கள். காற்று உறிஞ்சும் வழியில் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டன் ராடே வளைந்துவிடும். பழைய வண்டிக்கு அதற்கான இன்சூரன்ஸும் சுலபத்தில் கிடைக்காது.

இரவில் தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கவர் போடுங்கள், ஆனால் மழை நின்றதும் எடுத்துக் காயவிடுங்கள், ஈரக் கவருக்குள் உப்புக் காற்று சேர்ந்தால் பெயின்ட் குமிழ்விடும். வாரத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். குப்பைத்தொட்டி, டிபன் கடை பக்கம் நிறுத்தாதீர்கள். இன்ஜின் சூட்டுக்கு எலி ஏறும், ஒயரைக் கடிக்கும். போன மாதம்கூட ஒரு வண்டியில் கடித்துப்போட்ட ஆக்ஸிஜன் சென்சார் ஒயரை ஒட்டவைத்தேன். பானெட்டை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வண்டி பார்க்கப் போகும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானே ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.